ஆச்சி வீட்டு ரைஃபிள்

சிவகங்கை கலெக்டர் ஆபீசில், லைசென்ஸ் புதுப்பிக்கும் மேசையில் இருந்த அம்மா என் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்த ரகம் இனிமே கூடாது, வேற ரகமா மாத்திக்கிருங்க" என்றார். கத்தரிக்காய் இல்லை, வெண்டைக்காய் எடுத்துக்கொள் என்று சந்தையில் சொல்கிற குரல். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து என்ன செய்ய, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன்.

என்னிடம் இருந்தது செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபோது ஓர் அதிகாரியிடம் வாங்கியது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானே ஏறி நிற்கும். விசையை மறுபடி இழுத்தால் போதும். அப்படித் தானாக ஏறும் ரைஃபிள் எதுவும் எங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டைத் திறந்து மூடித் தோட்டா ஏற்றுகிற ரைஃபிளாகப் பார்த்து வாங்கி, அதே லைசென்ஸில் எழுதிக்கொள்ளலாம்.

நானும் பட்டாளத்தில் இருந்து வந்தவன்தான். காரைக்குடியில் நகைக்கடன் கொடுக்கும் கிளை ஒன்றில் கன்மேன். இந்த வேலைக்கு ஆள் மட்டும் போனால் எடுக்க மாட்டார்கள், சொந்தத் துப்பாக்கியோடு போக வேண்டும். பதினோரு வருடம் அந்த ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு போய் நின்றேன். மேனேஜர் நல்ல பையன். "ஒரு மாசம் சமாளிக்கிறேன் சார், அதுக்கு மேல மேலிடத்துல கேப்பாங்க" என்றான். துப்பாக்கி இல்லாத கன்மேனை வைத்துக்கொண்டு அவனும் என்னதான் செய்வான்.

மாற்று தேடிக் கிளம்பினேன். மதுரையில் துப்பாக்கிக் கடைக்காரர் புத்தம் புதிய போல்ட் ரைஃபிளின் படத்தைக் காட்டினார். சாமான் வர ஆறு மாதம் ஆகும் என்றார். புதுவயலில் ஒரு ரைஸ் மில்காரர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அது ரைஃபிளே இல்லை. குழாயும் உள்ளே தவிடு மாதிரித் துருப் பிடித்துக் கிடந்தது. என் வீட்டுக்காரி, "காத்துத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கிருங்க, பாக்க அதே மாதிரிதான இருக்கு" என்றாள். பலூன் சுடுகிற துப்பாக்கியோடு நகைக்கடன் கிளை வாசலில் உட்காரச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

மதுரைக் கடைக்காரர்தான் பிறகு போன் செய்து சொன்னார். நாச்சியாபுரம் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் போல்ட் ரைஃபிள் ஒன்று இருக்கிறது, வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஆச்சி அதைக் கைமாற்றிவிட நினைக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

ஒரு வியாழக்கிழமை பஸ் இறங்கினேன். நல்ல வெயில். டீக்கடையில் வீட்டுக்கு வழி கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "அந்தத் துப்பாக்கிக்கா வந்திருக்கீக?" என்றார். ஆமாம் என்றேன். "அது ஆளை முழுங்கின துப்பாக்கியாச்சே."

எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, ஓட்டு எண்ணி முடித்த பிறகு வாங்கிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள நடைமுறை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டுச் செட்டியாரும் அப்படிப் போய் வாங்கி வந்திருக்கிறார். வந்த அன்று மதியமே, துடைக்க உட்கார்ந்தவர் மேல் வெடித்துவிட்டது. கை தவறி நடந்த விபத்து என்று போலீஸ் எழுதி முடித்தது, லைசென்ஸ் ஆச்சி பேருக்கு மாறியதும் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஊர்தான் பேச்சை முடிக்கவில்லை.

"நாப்பது வருசம் கையாண்ட மனுசன்யா. திறந்து பாக்காம தொடவே மாட்டாக. குண்டு எப்படி உள்ள இருக்கும்? தெரிஞ்சுதான் போயிருக்காக" என்றார் டீக்கடைக்காரர். "அந்த ஆச்சிக்கு அதே நினைப்புத்தான். எதுக்கு என்னை விட்டுட்டுப் போனாகன்னு வாரவுக போறவுக கிட்டயெல்லாம் கேக்குது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாக. இங்ஙன டீயைக் குடிச்சிட்டு அப்படியே பஸ் ஏறிட்டாக."

எனக்கு எரிச்சலாக வந்தது. இரும்பு ஆளை முழுங்குமா? டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் பெரிய வீடுகள், எல்லாம் பூட்டு. உச்சி வெயிலில் என் செருப்புச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று ஒருமுறை திரும்பியும் பார்த்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வாசல் கதவு திறந்தே இருந்தது. அதற்கு நேராக அடுத்த கதவு, அதற்கு நேராக இன்னொன்று. கடைசியில் கொல்லை வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. குரல் கொடுத்தேன். "வாங்க, நேரா உள்ள வாங்க" என்று எங்கிருந்தோ பதில் வந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது.

ஆச்சிக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். நிமிர்ந்த உடம்பு. வளவில், நடு முற்றத்தின் ஓரத்தில், ஒரு பிரம்பு நாற்காலிக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார். சோறு, பருப்பு, வெண்டைக்காய் மண்டி, ஒரு அப்பளம். நாற்காலியில் வெள்ளை வேட்டி சுற்றி, நீளமாக, கைப்பிடியில் சாய்த்து ஒன்று வைத்திருந்தது. வேட்டிக்குள்ளிருந்து ரைஃபிள் குழாயின் முனை எட்டிப் பார்த்தது.

"அவுக சாப்பிடுற நேரம். செத்த இருங்க" என்றார்.

தூணோரம் உட்கார்ந்தேன். மாடியில் யாரோ நடப்பது போலச் சத்தம் கேட்டது. புறாவாக இருக்கும். ஆச்சி நெய்யை ஊற்றிவிட்டு, நாற்காலியைப் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். பிறகு என்னைக் காட்டி, "பட்டாளத்துக்காரவுக வந்திருக்காக" என்றார். எனக்கு எழுந்து சல்யூட் அடிப்பதா, ஓடுவதா என்று தெரியவில்லை. ஒரு மாதக் கெடுவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இலையை எடுத்த பிறகு ரைஃபிளைக் கொடுத்தார். வேட்டியைப் பிரித்ததும் எண்ணெய் வாசம் வந்தது. பழைய எண்ணெய் இல்லை, அன்றைக்கோ முந்தின நாளோ போட்டது. "யாரு ஆச்சி எண்ணெய் போடுறது?" என்று கேட்டேன். "அவுக போடுறாப்புலதான் நான் போடுறேன். முப்பது வருசம் பக்கத்துல உக்காந்து பாத்தவ" என்றார். போல்ட்டைத் திறந்தேன். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. உள்ளே காலி. குழாயை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன், கண்ணாடி. கட்டையில் ஒரு கீறல் இல்லை. செமி-ஆட்டோமேட்டிக் கையில் இருக்கும்போது அவசரம் தானே வந்துவிடும், அடுத்தது தயாராக இருக்கிறது என்ற தைரியம். இது ஒவ்வொரு தடவையும் நம்மை நிறுத்தி, வேண்டுமா என்று கேட்கும். வயதானவனுக்கு இதுதான் சரி என்று பட்டது. எனக்கு அந்த ரைஃபிளை நிஜமாகவே பிடித்துவிட்டது.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் ஆச்சி. "விசையை இழுக்காம இது தானா வெடிக்குமா?"

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். டீக்கடையில் கேட்டது காதில்தான் இருந்தது. ஆனால் சாமானைப் பற்றிக் கேட்டதும் எனக்குள் இருந்த பட்டாளத்தான் முந்திக்கொண்டான். "இதுவா? இந்த மாதிரிச் சாமான் தானா வெடிக்கவே வெடிக்காது ஆச்சி. கீழ போட்டாலும் வெடிக்காது. இழுத்தாத்தான்" என்றேன், பெருமையாக.

அவர் முகம் மூடிக்கொண்டது. "அப்ப இழுத்துத்தான் இருக்காக" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு என் வாயின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கைமாற்றும் அனுமதிக்குக் கலெக்டர் ஆபீஸ், ஸ்டேஷன் என்று மூன்று வாரம் அலைந்தேன். தாள் கைக்கு வந்ததும் மறுபடி போனேன். இந்தத் தடவை ரைஃபிள் நாற்காலியில் இல்லை. சாமி அறைக்கு முன்னால் பெரிய வெள்ளித் தட்டில், புது வேட்டி சுற்றி, மாலை போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வீடு மாதிரி இருந்தது. ஆச்சி குளித்து ஈரத்தலையோடு நின்றார். இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினேன்.

யார் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாலும், வாங்கிய இடத்திலேயே திறந்து பார்க்க வேண்டும். கொடுப்பவன் கூடப்பிறந்தவனாக இருந்தாலும் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் முதல் வாரம் எனக்கு இதைத்தான் கன்னத்தில் அறைந்து சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பார்த்தோமே என்று ஒரு நினைப்பு. சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்ததை, கொடுத்தவர் கண் முன்னாலேயே பிரித்துச் சோதிப்பது மரியாதையாக இருக்காது என்று இன்னொன்று.

"பாத்துப் போங்கய்யா" என்றார். என்னிடம் சொன்னாரா, வேட்டிக்குள் இருந்ததிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரி ஆரத்தித் தட்டோடு நின்றாள். புது பைக் வந்தாலும் சுற்றுவாள், மிக்ஸி வந்தாலும் சுற்றுவாள். கூடத்தில் உட்கார்ந்து வேட்டியைப் பிரித்தேன். அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, குங்குமத்தைக் குழைத்து, குழாயின் முனையில் ஒரு பொட்டு வைத்தாள். கட்டையில் ஒன்று. பின்னால் நகர்ந்து அழகு பார்த்தாள். நேர் எதிரேதான் இருந்தாள்.

ரைஃபிளைத் துடைப்பதற்கும் பூட்டி வைப்பதற்கும் முன்னால் விசையை ஒருதரம் இழுத்துவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். உள்ளே ஸ்பிரிங் இறுக்கமாகவே இருந்தால் நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதற்காக. திறந்து பார்த்துவிட்டு இழுக்க வேண்டும் என்பது பாடம். பாடத்தின் முதல் பாதியை நான் ஆச்சி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். விரல் விசையில் இருந்தது. விசை பாதி தூரம் பின்னால் வந்தும்விட்டது. அந்த எடை இப்போதும் என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

"ஏங்க, குண்டு போடுற வாய் எங்குட்டு இருக்கு? அதுலயும் ஒண்ணு வைக்கணும்ல" என்றாள்.

விரலை எடுத்து, போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தேன். மஞ்சளாக ஒன்று துள்ளி வெளியே விழுந்து, தரையில் உருண்டு, பிரிட்ஜ் காலில் முட்டி நின்றது. அவள்தான் போய் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஏற்கெனவே வச்சிருக்காகளே" என்றாள்.

தோட்டாவின் பித்தளையில் சந்தனம் காய்ந்து, அதன் மேல் குங்குமம். அளவாக, அழகாக. அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாதி வந்த விசைதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாச்சியாபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கோபத்தை வளர்த்துக்கொண்டே போனேன். கொலைகாரி, பைத்தியக்காரி என்று என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன். அந்த வளவில் போய் நின்றபோது பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலி நாற்காலிக்கும் இலை போட்டிருந்தது. என் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது.

"ஆச்சி, இதை யாரு உள்ள வச்சது?"

தோட்டாவைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "நான்தான்" என்றார். "வீட்டை விட்டுப் போற பொருளை வெறுமையா எப்படிய்யா குடுக்கிறது? ஒரு தூக்குச்சட்டியைத் திருப்பிக் குடுத்தாக்கூட ஒரு கை அரிசியாவது போட்டுக் குடுக்கிறோம். இதுக்கு எதைப் போடுறது? பூசைப் பெட்டியில அவுக குண்டு ஒண்ணு கிடந்துச்சு. பொட்டு வச்சுப் போட்டேன்."

வீட்டில் என் பெண்டாட்டி இருந்தாள் ஆச்சி, நேர் எதிரே இருந்தாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் அப்படித்தான். எப்பவும் ஸ்டேஷன்ல இருந்து வந்தா அவுகளே நேரா உள்ள கொண்டு போயி வச்சிருவாக. அந்த வருசம் அறுபதாங் கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு. நான்தான், குடுங்க, சாமி முன்னாடி வச்சு எடுத்துத் தாரேன்னு வாங்கினேன். வெறுமையா இருந்துச்சு. ஒண்ணு போட்டு, மூடி, அவுக கையில குடுத்தேன். வாங்கிட்டுப் போயி இந்த நாற்காலியில உக்காந்தாக."

மாடியில் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு.

"போலீஸ்ல சொன்னீகளா ஆச்சி?"

"யாரும் கேக்கலையே. பொம்பளைகிட்ட வந்து துப்பாக்கியைப் பத்தி என்னத்தைக் கேப்பாக."

அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். "குண்டு உள்ள இருந்தா என்னய்யா, அது பாட்டுக்கு இருக்கும். நீங்களே சொன்னீகள்ல, இழுத்தாத்தான் வெடிக்கும்னு. அவுக எதுக்கு இழுத்தாக? என்னை விட்டுட்டுப் போறதுக்கு அவுகளுக்கு என்ன குறை வச்சேன்? ரெண்டு வருசமா இதைத்தான் கேக்குறேன். பதில் சொல்ல மாட்டேங்கிறாக."

நாற்காலியைப் பார்த்துக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். அது என் ஆள்காட்டி விரலில் இருந்தது. அந்த மனிதர் எதற்காக இழுத்தார் என்று அந்த ஊரில், ஏன் உலகத்திலேயே, தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொன்னால் அவர் புருஷன் அவரைவிட்டுப் போகவில்லை என்று ஆகும். ஆனால் அனுப்பியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். சும்மா இருந்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம் என்று பார்த்தேன். முதல் தடவை வந்தபோது பெருமையடித்துக்கொண்டு ஒரு பதிலைச் சொன்னவன் நான். அதோடு விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

"துடைக்கிறதுக்கு முன்னாடி எல்லாருமே ஒருதரம் இழுத்துவிடுவோம் ஆச்சி. பழக்கம். ஸ்பிரிங் கெட்டுப்போகக் கூடாதுன்னு. உள்ள ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு இழுக்கிறது. நேத்து நானும் இழுக்கத்தான் போனேன்."

"டிக்குன்னு ஒரு சத்தம் கேக்குமே, அதுதானா? உள்ள இல்லைன்னு நினைச்சா?"

"ஆமா."

"அவுக திறந்து பாப்பாகளே. எப்பவும் பாப்பாகளே."

"நீங்க கையில குடுத்ததுனால பாத்திருக்க மாட்டாக. நானும் பாக்கலை."

ஆச்சி நாற்காலியைப் பார்த்தார். இலையில் இருந்த சோற்றில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது, அவர் ஓட்டவில்லை. பிறகு அவர் முகம் தளர்வதைப் பார்த்தேன். இரண்டு வருடமாக இறுகிக் கிடந்த முகம். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அப்ப சாகணும்னு இழுக்கலை."

"இல்லை ஆச்சி."

"அப்ப நான்தான்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதற்குத்தான் பயந்தேன். ஆனால் அவர் குரலில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

"நான்தான்னா அதை நான் தாங்கிக்கிருவேன்யா" என்றார். "அவுகளா விட்டுட்டுப் போனாகன்னுதான் தாங்க முடியலை."